வெட்டிய எட்டு செகண்டு

தொண்ணூறைத் தாண்டிய மனிதருக்கு இனி எதைக் கண்டு பயம் வரப்போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சிலுவைராஜும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார், போன மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணி வரைக்கும். பத்து மணிக்குக் கவிப்ரியா என்ற பெண் சிங்கப்பூரில் தோ பாயோவில் உள்ள அவர் வீட்டுக்கு வந்தாள். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கைப்பேசியை மேசைமேல் வைத்து, "ஐயா, உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்றாள்.

கைப்பேசியிலிருந்து ஓர் இளைஞன் பேச ஆரம்பித்தான்.

"தாய்மார்களே! உங்கள் வீட்டுச் செல்வம் கொழுகொழுவென்று வளர வேண்டாமா? வெண்முத்துப் பால் கொடுங்கள்! சுத்தமான வெண்முத்து, சத்தான வெண்முத்து..."

கரகரப்புக்கு நடுவே குரல் அப்படியே தேன் மாதிரி வழிந்தது. அந்த இளைஞன் சிலுவைராஜ்தான். பேசியபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. கல்யாணம் ஆகி ஒரு வருடம், தொண்டை நிறைய குரல், தலை நிறைய கர்வம்.

அடுப்படியிலிருந்து அவர் மகள் உர்சுலா கரண்டியோடு ஓடி வந்தாள். அறுபத்து நான்கு வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், தாய்சேய் நல மருந்தகங்களில் முப்பத்தைந்து வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். "அப்பா! இது நீங்களா? ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு! திரும்பப் போடும்மா, திரும்பப் போடு" என்று குழந்தைபோலக் கேட்டாள். கவிப்ரியா திரும்பப் போட்டாள். சிலுவைராஜ் மட்டும் கைப்பேசியைப் பார்க்காமல் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"லிட்டில் இந்தியால ஒரு எக்ஸிபிஷன் பண்றோம் ஐயா. அம்பதுகள், அறுபதுகள்ல வந்த தமிழ் ரேடியோ விளம்பரம். நீங்கதான் மெயின் ஸ்டார். அப்போ வேலை செஞ்சவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க" என்றாள் கவிப்ரியா. "ரெக்கார்டு மட்டும் இல்ல, ஒரு பழைய கோடவுன்ல உங்க கம்பெனியோட ஃபைல் முழுசும் கெடச்சிருக்கு. இங்கிலீஷ் ஸ்கிரிப்ட், பென்சில் மார்க்கோட. அடுத்த வாரம் காப்பி எடுத்துட்டு வரேன்."

பென்சில் மார்க் என்ற சொல் காதில் விழுந்ததும் சிலுவைராஜின் கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கியது. சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது. அறுபது வருடத் தொழில் பழக்கம், வேறொன்றும் இல்லை.

அந்த விளம்பரத்துக்கு அவர் குரல் கொடுத்தது அந்த வீட்டில் ரகசியமே இல்லை. உர்சுலாவுக்கு ஓர் அண்ணன் இருந்தான், ஜெரோம் என்று பெயர், ஐந்து மாதத்தில் வயிற்றுப்போக்கு கண்டு செத்துப்போனான், தாய்ப்பாலை நிறுத்திவிட்டு அவனுக்கு டின் பால் கரைத்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் உர்சுலா சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்த கதை. "நான்தான் தண்ணி ஜாஸ்தியா கலந்துட்டேன்" என்று அவள் அம்மா அமலோற்பவம் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். தாதி வேலைக்கு உர்சுலா போனதே அந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டுத்தான். அம்மா அழும்போதெல்லாம் அவள் சொல்கிற ஆறுதலும் ஒன்றேதான். "அந்தக் காலத்துல யாருக்கும்மா தெரியும்? யாருக்குமே தெரியாது. உங்க தப்பு இல்ல."

யாருக்குமே தெரியாது என்பதுதான் அந்தக் குடும்பத்தைத் தாங்கி நின்ற தூண். ஒருவருக்குத் தெரியும். அந்த ஒருவர் இப்போது சோபாவுக்கு எதிரே உட்கார்ந்து, ஆறிப்போன, பால் சேர்க்காத தே-ஓவை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

கவிப்ரியா போன பிறகு வந்த ஒரு வாரமும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. லிஃப்ட் சத்தம் கேட்டால் அவள்தானோ என்று வாசலைப் பார்ப்பார். டெலிபோன் அடித்தால் உர்சுலாவுக்கு முன்னால் எடுக்க வேண்டும் என்று எழுவார், அதற்குள் அவள் எடுத்துவிடுவாள். கிழவனின் கால் எவ்வளவு வேகமாகத்தான் போகும்?

அவர் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பென்சில் கோடு விளங்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் ஹார்ட்லி கம்பெனி என்ற விளம்பர நிறுவனத்தில் அவர் சேர்ந்தார். தமிழ்ப் பகுதி என்று பலகை மாட்டியிருந்தார்கள், உள்ளே அவர் ஒருவர்தான். லண்டனிலிருந்து ஆங்கிலத்தில் விளம்பரம் வரும். அவர் அதைத் தமிழில் எழுதி, சாயங்காலம் வானொலி நிலையத்துக்குப் போய்த் தாமே பேசிப் பதிவு செய்ய வேண்டும். தைலம், பிஸ்கட், சோப்பு, சைக்கிள், எதற்கும் அவர்தான் குரல். சிராங்கூன் ரோட்டில் முடிதிருத்தும் கடையில் பெட்டி ரேடியோ பேசினால் பாதிச் சவரத்தில் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அவர் நல்லது என்று சொன்னால் ஊருக்கு அது நல்லது. தலைவலித் தைலத்தைக் காலில் தடவிக்கொண்டவர்கள்கூட உண்டு, அவர் சொன்னார் என்பதற்காக.

அந்தத் தொழிலில் ஒரு சங்கடம் இருந்தது. விளம்பரம் என்றால் முப்பது செகண்டு, ஒரு செகண்டு கூடினாலும் நிலையத்தில் கத்தரித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் முப்பது செகண்டில் முடிவது தமிழில் எழுதினால் முப்பத்தெட்டு, நாற்பது என்று நீளும். சிலர் மூச்சு விடாமல் குதிரைப் பந்தயம் அறிவிப்பதுபோல் படித்துத் தள்ளுவார்கள். நிலையத்தில் மூத்த அறிவிப்பாளர் சேதுபதி அதற்குச் சம்மதிக்க மாட்டார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க, "மனுசன் காதுக்குப் பேசு தம்பி, கடிகாரத்துக்குப் பேசாத" என்பார். அதனால் எதையாவது வெட்டியே ஆக வேண்டும். எதை வெட்டுவது என்பது எழுதுகிறவன் பாடு. ஹார்ட்லி கம்பெனியில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தமிழில் விடப்போகிற வரியை ஆங்கிலத் தாளில் பென்சிலால் அடித்து, ஓரத்தில் எத்தனை செகண்டு மிச்சம் என்று எழுதி, ஃபைலில் போட்டுவிட வேண்டும்.

வெண்முத்துப் பால் விளம்பரம் தமிழில் முப்பத்தெட்டு செகண்டு வந்தது. பாலின் பெயர் மூன்று முறை வந்தாக வேண்டும், அது பால் கம்பெனிக்காரன் உத்தரவு. பாட்டு ஐந்து செகண்டு, அதையும் தொடக் கூடாது. மிச்சம் இருந்ததில் ஒரு வரி மட்டும் விற்பனைக்கு உதவாமல் துருத்திக்கொண்டிருந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதை மட்டுமே உணவாகத் தரக் கூடாது. சிலுவைராஜ் அதைப் பென்சிலால் ஒரே இழுப்பாக இழுத்தார். ஓரத்தில் '8' என்று போட்டார். கணக்குச் சரியாக முப்பது. சேதுபதி தோளைத் தட்டிக்கொடுத்தார், எந்த வரி போனது என்று அவர் கேட்கவில்லை. ஆங்கிலத் தாளை அவர் பார்த்ததே கிடையாது.

ஹார்ட்லி ஊழியர்களுக்குப் பால் கம்பெனியிலிருந்து மாதாமாதம் ஒரு பெட்டி டின் பால் இலவசம். ஜெரோம் பிறந்ததும் அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தது. மருந்தகத்துத் தாதி தாய்ப்பாலே போதும் என்றுதான் சொல்லி அனுப்பினாள். அமலோற்பவம் அவளைப் பார்த்துச் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரே ரேடியோவுல சொல்றாரு, அவளுக்கு என்ன தெரியும்?" டின்னில் சுற்றிய தாள் முழுக்க ஆங்கிலம், அவளுக்கு அது தெரியாது. குழந்தை முதலில் கொழுகொழுவென்றுதான் வந்தான். பிறகு ஒரு திங்கட்கிழமை வயிற்றால் போக ஆரம்பித்தது.

அந்தத் திங்கட்கிழமையே சிலுவைராஜுக்கு அந்த வரி ஞாபகம் வந்தது. பால் கரைக்க டம்ளரில் ஸ்பூன் சுற்றும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. சொன்னால், ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெள்ளிக்கிழமை பிடாடாரி கல்லறையில் புதைத்தார்கள்.

ஒரே ஒரு தடவை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். அதுவும் தமிழ்ச் சாமியாரிடம் இல்லை, வேறு கோயிலுக்குப் போய், முகம் தெரியாத ஐரிஷ் சாமியாரிடம். கேட்டுவிட்டு அவர் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொன்னார், வீட்டுக்குப் போய் மனைவியிடம் உண்மையைச் சொல்லச் சொன்னார். சிலுவைராஜ் ஜெபமாலையைச் சொன்னார். அந்தக் கோயில் பக்கம் பிறகு தலைவைத்தும் படுக்கவில்லை.

அடுத்த வாரம் கவிப்ரியா சொன்னபடி வந்தாள். நல்லவேளை, உர்சுலா கீழே சந்தைக்குப் போயிருந்தாள். கவிப்ரியா ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளின் நகலை எடுத்து அவர் மடிமேல் வைத்தாள். அறுபத்தேழு வருடம் கழித்தும் அந்தக் கோடு நேற்று இழுத்ததுபோல் கறுப்பாக இருந்தது.

"இதைப் பாருங்க ஐயா. ஐ லவ் திஸ். தமிழ் ஆட் எழுதறது எவ்ளோ கஷ்டம்னு இந்த ஒரு பேப்பர்லயே தெரியுது. எட்டு செகண்ட் கட் பண்ணிருக்காங்க, யூ ஸீ? இதைப் பெருசா பண்ணி சுவர் முழுக்க வைக்கப்போறோம்."

"சுவர் முழுக்கவா?"

"ஆமா ஐயா. பிரிண்டிங்குக்குப் போயாச்சு. எனக்கு ஒரே ஒரு டவுட்தான். இதை கட் பண்ணது யாரு? நீங்களா?"

வெளியே நடைபாதையில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்கள். உர்சுலாவாக இருக்கும். சாவி எடுக்கிற சத்தம் வருகிறதா என்று அவர் காது வாசலில் இருந்தது. கவிப்ரியா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சேதுபதி அண்ணன்" என்றார் சிலுவைராஜ். "அவர்தான் வெட்டுவாரு. டைமிங் எல்லாம் அவர் கையிலதான்."

கவிப்ரியா எழுதிக்கொண்டாள். சேதுபதி செத்து நாற்பது வருடம் ஆகிறது, எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. நாக்கு இவ்வளவு சுலபமாகப் புரண்டதை நினைத்து சிலுவைராஜுக்கே உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது. அப்பாடா என்றும் இருந்தது. அதைவிட அசிங்கம் வேறு என்ன இருக்க முடியும்? நடைபாதையில் போனது பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாதான்.

கண்காட்சி திறக்கிற ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வயிறு சரியில்லை என்று படுத்துக்கொண்டார். தாதியின் அப்பனாக இருந்தால் அந்த வித்தையெல்லாம் பலிக்காது. உர்சுலா இரத்த அழுத்தம் பார்த்தாள், நூற்றெழுபதுக்கு மேல் இருந்தது. "ஸ்டேஜ் பயமாப்பா? உங்களுக்கா?" என்று சிரித்து, மாத்திரை கொடுத்து, புதுச் சட்டையை எடுத்து வைத்தாள். "முடியலன்னா நீங்க ரெஸ்ட் எடுங்க. நான் மட்டும் போய் எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு வரேன்."

அவள் தனியாகப் போய் அந்தச் சுவர் முன்னால் நிற்பதை நினைத்ததும் அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். கூடவே இருந்தால் அந்தப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். கால் வலிக்கிறது என்றால் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருப்பாள். பூசை முடிந்து லூர்து மாதா கோயிலிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு டாக்சியில் போகும் வழியெல்லாம் அவர் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தார். உர்சுலா வாட்ஸாப்பில் கோயில் பங்கு மக்கள் எல்லாருக்கும் அழைப்பு அனுப்பிக்கொண்டு வந்தாள்.

டன்லப் ஸ்ட்ரீட்டில் இரண்டு கடைவீடுகளைச் சேர்த்துக் கூடமாக்கியிருந்தார்கள். வாசலில் சாம்பிராணியும் பக்கத்துக் கடையின் மசாலாவும் சேர்ந்து மணந்தன. உள்ளே நல்ல கூட்டம், முக்கால்வாசிப் பேர் இளைஞர்கள். அவர் நுழைந்ததும் கை தட்டினார்கள். கவிப்ரியா மைக்கைப் பிடித்துக்கொண்டு அவரைப் பற்றிப் பேசினாள், நல்ல மேடைத் தமிழில். இந்தத் தீவின் தமிழ் வீடுகளுக்குள் அழைக்காமலேயே நுழைந்த குரல் என்றாள். மறுபடியும் கை தட்டினார்கள்.

அந்தச் சுவர் கூடத்தின் கடைசியில் இருந்தது. தாள் ஆளுயரத்துக்குப் பெரிதாகியிருந்தது, பென்சில் கோடு அவர் கைத்தடி கனத்துக்கு. கீழே கொட்டை எழுத்தில், 'முப்பது வினாடிக்குள் தமிழ்: சேதுபதியின் கத்தரி' என்று தலைப்பு. அடித்த வரியின் தமிழாக்கமும் அங்கேயே இருந்தது.

"உர்சுலா, எனக்குத் தண்ணி வேணும்மா" என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"இருங்கப்பா, கொண்டாறேன்" என்று போனவள் வரத் தாமதமானது. எழுந்து தேடலாமா என்று அவர் நினைக்கும்போதே ஓர் இளம்பெண் நெஞ்சில் துணியால் கட்டிய கைக்குழந்தையோடு அவர் முன்னால் வந்து குனிந்தாள்.

"தாத்தா, நான் ரோஷினி. சேதுபதி தாத்தாவோட பேத்தி."

அவர் குழந்தையைப் பார்த்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, மூன்று மாதம் இருக்கும்.

"ஃபேமிலி எல்லாரும் வந்திருக்கோம். தாத்தா பேர் சுவர்ல இருக்குன்னு அப்பாக்கு ஒரே பெருமை லா." அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஆனா அந்த லைனைப் படிச்சேன். எனக்கு என்னவோபோல இருக்கு. நான் இப்போ இவனுக்குக் குடுத்துட்டு இருக்கேன், சோ... நீங்க அவர்கூட இருந்தீங்க. தாத்தாக்குத் தெரியுமா? அது பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சேவா கட் பண்ணாரு?"

தெரியாதும்மா என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் சேதுபதி ஒன்றும் தெரியாமல் வெட்டிய முட்டாளாவார். தெரியும் என்றால் கொலைகாரர் ஆவார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் போட்டுக்கொண்டு, தோளைத் தட்டிக்கொடுத்த மனுஷன். சிலுவைராஜின் உதடுகள் அசைந்தன. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன பொய் சொல்வது என்று அவருக்கே இன்னும் தெரியவில்லை.

அப்போதுதான் ரோஷினிக்குப் பின்னால் உர்சுலா நிற்பதைப் பார்த்தார். கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அவள் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள்? அவள் அவரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரியை அல்ல. ஓரத்தில் இருந்த அந்த எட்டை. ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டாத இரண்டு முட்டை, மேல் முட்டைக்கு ஒரு வால். பள்ளிக்கூடத்தில் உர்சுலா அப்படியே எழுதி டீச்சரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள், எங்க அப்பா இப்படித்தான் போடுவாரு என்று அழுதிருக்கிறாள். இன்றைக்கும் சந்தைக்குப் போகிற சீட்டில் எட்டு முட்டை என்றால் அப்படித்தான் எழுதித் தருகிறார்.

"ரோஷினி," என்றாள் உர்சுலா. மருந்தகத்தில் பயந்துபோன தாய்மாரிடம் பேசுவாளே, அந்தத் தணிந்த குரல். "உங்க தாத்தா அதை வெட்டலம்மா. அது எங்க அப்பா எழுத்து."

ரோஷினி சிலுவைராஜைப் பார்த்தாள். அவர் மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்றுதான் நினைத்தார், ஆனால் கழுத்து தானாகவே ஆமென்று அசைந்துவிட்டது. அந்தப் பெண்ணின் கை குழந்தையின் தலையை மூடியது, இவர் கண் அதன்மேல் படக் கூடாது என்பதுபோல. அவள் தன் அப்பாவைத் தேடிப் போனாள். கவிப்ரியா ஏதோ கேட்க வந்தவள் உர்சுலாவின் முகத்தைப் பார்த்து இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள்.

உர்சுலா போத்தலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"ஜெரோமுக்கு முடியாமப் போனப்போ உங்களுக்கு இது ஞாபகம் வந்துச்சா?"

இப்படி ஒரு கேள்விக்குத்தான் அவர் அறுபத்தாறு வருடமாகப் பயந்துகொண்டிருந்தார். அதைக் கேட்கவேண்டியவள் கேட்காமலேயே போய்விட்டாள். கேட்டது அவள் மகள்.

"வந்துச்சும்மா. மூணு நாளு..."

உர்சுலா கண்ணை மூடித் திறந்தாள். "வீடு கட்டணும்னு பிடாடாரியத் தோண்டினாங்களே, அப்போ அவன் எலும்பை ஒரு சின்னப் பெட்டியில போட்டுக் குடுத்தாங்க. அம்மா அதை மடியில வச்சிக்கிட்டு வந்தாங்க. வழியெல்லாம் 'தண்ணி ஜாஸ்தியாயிடுச்சுடா கண்ணா'ன்னு பெட்டிகிட்ட சொல்லிக்கிட்டே வந்தாங்க. நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

"உர்சுலா..."

"கடைசி நாளு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. 'ஜெரோம் என்னை மன்னிச்சிருப்பானா'ன்னு. நானும் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க அவங்க கையைப் புடிச்சி, 'மன்னிச்சிருப்பான் அமலி'ன்னு சொன்னீங்க." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "மன்னிச்சிருப்பான்னு சொன்னீங்கப்பா. உன் தப்பில்லன்னு சொல்லல."

கூடத்தின் இன்னொரு மூலையில் யாரோ அந்தப் பதிவைப் போட்டார்கள். தாய்மார்களே என்று அந்த இளைஞன் மறுபடியும் ஆரம்பித்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்து ரசித்தார்கள். சிலுவைராஜுக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

உர்சுலா முகத்தைத் துடைத்துக்கொண்டு கவிப்ரியாவிடம் போய் ஏதோ சொன்னாள். கவிப்ரியா தலையசைத்து, சுவரில் இருந்த தலைப்பைக் கழற்ற ஆள் கூப்பிட்டாள். திரும்பி வந்த உர்சுலா அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். பிடி எப்போதும்போல் உறுதியாகத்தான் இருந்தது, விழுந்துவிடாமல் தாங்குகிற பிடி. அவர் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை. வாசலுக்கு வந்து கைப்பேசியில் டாக்சி பிடித்தாள்.

"வீட்டுக்கா?" என்று கேட்டார்.

"நான் சுவா சூ காங் போறேன். அம்மாகிட்ட."

சுவா சூ காங் அஸ்தி மாடத்தில் அமலோற்பவத்தின் சாம்பலும் ஜெரோமின் சின்னப் பெட்டியும் ஒரே மாடத்தில் இருந்தன. கல்லறைத் திருநாளுக்குத் தவறாமல் போவார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி, பூ வைத்து, ஜெபம் சொல்லிவிட்டு வருவார்கள். ஜெபத்தை எப்போதும் அவர்தான் சொல்வார், குரல் நன்றாக இருக்கிறது என்று.

"நானும் வரேன்மா."

"வந்தா நீங்கதான் சொல்லணும்." இப்போதுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "எல்லாத்தையும். அந்த வரி, அந்த மூணு நாளு, எல்லாம். நான் பக்கத்துல நிப்பேன், வாயைத் தொறக்க மாட்டேன். முடியாதுன்னா கவிப்ரியா உங்கள வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவா. நான் மட்டும் போய்ச் சொல்லிட்டு வரேன். யாராவது ஒருத்தர் இன்னைக்கு அவங்ககிட்ட சொல்லியாகணும்."

டாக்சி வந்து நின்றது. உர்சுலா ஏறி உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். கதவைத் திறந்தே விட்டிருந்தாள். பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்தது.

கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் பேரிடம் நடுங்காமல் பேசியவர். செத்துப்போன ஒருத்தியிடம், ஒரு பளிங்குக் கல்லிடம் பேச வேண்டும் என்றதும் கதவைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றார். கல்லில் அவள் படம் இருக்கிறது. உள்ளங்கையளவு படம், நேராகப் பார்க்கிற கண். வீட்டுக்குப் போய்விடலாம். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடலாம். சாயங்காலம் உர்சுலா வந்து கஞ்சி வைத்துக் கொடுக்கத்தான் செய்வாள், அவள் குணம் அவருக்குத் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டு வந்திருப்பாள். பயத்துக்குப் பயந்து இன்னொருவர் தலையில் கட்டியது மனைவி, சேதுபதி, இப்போது மகள் என்று இத்தோடு மூன்றாவது ஆகும்.

கைத்தடியை முதலில் உள்ளே வைத்தார். பிறகு ஒரு காலை வைத்தார். உர்சுலா கை நீட்டவில்லை. மூச்சு வாங்க அவராகவே ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினார்.

"எங்கே போகணும் அங்கிள்?" என்று சீன டிரைவர் ஆங்கிலத்தில் கேட்டார். செயலியில் அவள் இடத்தைப் போடவில்லை போலிருக்கிறது.

உர்சுலா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுவா சூ காங்" என்றார் சிலுவைராஜ். காற்றுதான் வந்தது. டிரைவருக்குக் கேட்கவில்லை, திரும்பிப் பார்த்து மறுபடியும் கேட்டார்.

உர்சுலா அப்போதும் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. சிலுவைராஜ் இந்தத் தடவை சத்தமாகச் சொன்னார்.